தாய்லாந்தில் பிறப்பு குறைந்தது, மருத்துவம் ஊர் ஊராக வந்தது, பள்ளி மட்டும் ஏன் பின்தங்கியது?

கேள்வி மூன்று பங்காக இருக்கிறது. சீனா மாதிரி சட்டம் எதுவும் போடாமல் தாய்லாந்தில் பிறப்பு விகிதம் எப்படி இப்படி விழுந்தது? கையில் அவ்வளவு பணமில்லாத காலத்திலேயே எல்லோருக்கும் மருத்துவம் எப்படிக் கொடுத்தார்கள்? இரண்டையும் சாதித்தவர்களுக்குப் பள்ளிக்கூடம் மட்டும் ஏன் கைகூடவில்லை? தனித்தனியாகப் பதில் சொன்னால் பாதிதான் புரியும். அதனால் சேர்த்தே சொல்கிறேன்.

சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: சுகாதாரத்தில் வேலையோடு சேர்த்து முடிவெடுக்கும் உரிமையையும் பணத்தையும் கடைசி ஊழியர் வரை இறக்கினார்கள். கல்வியில் பிள்ளைகளைப் பள்ளிக்குள் கொண்டுவந்தார்கள். ஆனால் முடிவுகளைப் பாங்காக்கிலேயே வைத்துக்கொண்டார்கள்.

முதலில் எண்களைப் பார்த்துவிடுவோம். 1960 கணக்கெடுப்பில் தாய்லாந்தின் மக்கள்தொகை சுமார் 2.6 கோடி. இப்போது 6.6 கோடிக்குச் சற்றுக் குறைவு. 1960களில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு பிள்ளைகளுக்கு மேல். 1990களின் தொடக்கத்தில் அது இரண்டுக்கு இறங்கிவிட்டது. இன்று ஒன்றை ஒட்டி நிற்கிறது. 1963 முதல் 1983 வரை அந்த நாட்டில் ஆண்டுதோறும் 10 லட்சத்துக்கு மேல் குழந்தைகள் பிறந்தன. 2021இல் பிறந்தவர்கள் 5.44 லட்சம், இறந்தவர்கள் 5.63 லட்சம். இறப்பு பிறப்பை முந்தியது அப்போதுதான் முதல் தடவை. 2024இல் பிறப்பு இன்னும் சரிந்து 4.62 லட்சமாகிவிட்டது. ஐரோப்பிய நாடுகள் பல தலைமுறை எடுத்துக்கொண்டு நடந்த தூரத்தை இவர்கள் ஒரே தலைமுறையில் கடந்திருக்கிறார்கள்.

இது எப்படி நடந்தது என்றால் எல்லோரும் குடும்பக் கட்டுப்பாட்டை ஊர் ஊராகக் கொண்டுபோன மெச்சாய் வீரவைத்யாவின் பெயரைத்தான் சொல்வார்கள். அவர் கதைக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்பே நடந்த ஒரு காரியம் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

1950கள் வரை தாய்லாந்து அரசு அதிகப் பிள்ளைகள் பெறச் சொல்லி ஊக்கம் கொடுத்துக்கொண்டிருந்தது. 1964இல் ராட்சபுரி மாகாணத்தில் போத்தாராம் என்ற வட்டத்தில் பெண்களிடம் பேசி ஓர் ஆய்வு நடத்தினார்கள். பெரும்பாலான பெண்கள் 'இனி வேண்டாம், போதும்' என்றார்கள். ஆக, விருப்பம் ஏற்கெனவே இருந்தது, வழிதான் இல்லை. 1970 மார்ச்சில் குடும்ப நலத் திட்டத்தை அரசு கொள்கையாக ஏற்றது. ஆனால் கருத்தடை மாத்திரையை டாக்டர்தான் எழுதித் தர வேண்டும் என்று விதி. கிராமப்புறத்தில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு டாக்டர் இருந்தாலே பெரிது. அப்படியிருக்க யாரிடம் போய் வாங்குவது?

அதற்கு ஒரு வழி கண்டார்கள். கிராமத்தில் பிரசவம் பார்க்கும் அரசு துணை மருத்துவச்சிகளின் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். அதில் வரிசையாகச் சில கேள்விகள். கண்ணோ தோலோ மஞ்சளாக இருந்ததுண்டா? மார்பில் கட்டி உண்டா? காலில் வீக்கமோ கடுமையான வலியோ வருகிறதா? நெஞ்சு வலிக்கிறதா? கொஞ்சம் வேலை செய்தாலே மூச்சு வாங்குகிறதா? கடும் தலைவலி உண்டா? எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றால் மருத்துவச்சியே மாத்திரை கொடுக்கலாம். ஏதாவது ஒன்றுக்கு 'ஆமாம்' என்றால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். முதலில் சில மாகாணங்களில் சோதித்துப் பார்த்தார்கள். டாக்டர் கொடுத்ததற்கும் மருத்துவச்சி கொடுத்ததற்கும் பாதுகாப்பில் வித்தியாசம் தெரியவில்லை. 1970லேயே நாடு முழுவதும் அனுமதி கொடுத்துவிட்டார்கள். சில நூறு இடங்களில் மட்டும் கிடைத்த மாத்திரை சில ஆயிரம் இடங்களில் கிடைக்க ஆரம்பித்தது. பின்னால் ஊசியும் காப்பர்-டியும் இதே மாதிரி கீழே இறங்கின. 1970 வாக்கில் மணமான பெண்களில் ஏறக்குறைய ஏழில் ஒருவர் கருத்தடை பயன்படுத்தினார். 1980களின் இறுதியில் மூன்றில் இரண்டு பேர்.

மெச்சாய் 1974இல் தன் அமைப்பைத் தொடங்கியது இந்த அடித்தளத்தின் மேல்தான். அரசு நிலையம் இல்லாத ஊர்களில் மளிகைக் கடைக்காரர், முடி திருத்துபவர், பள்ளி ஆசிரியர் என்று ஊரில் எல்லோரும் மதிக்கும் ஒருவரைப் பிடித்து, மாத்திரையும் ஆணுறையும் விற்க வைத்தார். ஆசிரியர்களை மேடையேற்றி ஆணுறையை ஊதிப் பெரிதாக்கும் போட்டி நடத்தினார். கூச்சம் போனால்தான் பேச்சு வரும் என்பது அவர் கணக்கு. புத்த பிக்குகள் கருத்தடைப் பொருள்கள் மேல் நீர் தெளித்து ஆசீர்வதித்தார்கள். மன்னர் பிறந்தநாளில் ஆண்களுக்கு இலவசக் கருத்தடை அறுவை நடந்தது. 1994இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. அவர் செய்ததில் ஒன்று மட்டும் எனக்கு உடன்பாடில்லை. சில ஊர்களில் கடன் நிதியைக் கருத்தடைப் பயன்பாட்டோடு இணைத்தார்கள். கட்டாயம் இல்லை என்றாலும், வறுமையில் இருப்பவருக்குக் கடன் என்பது சின்ன அழுத்தம் கிடையாது. நல்ல திட்டத்துக்கு அந்தத் துணை தேவைப்பட்டிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

சமூகமும் கைகொடுத்தது. தாய்லாந்துக் கிராமங்களில், குறிப்பாக வடக்கிலும் வடகிழக்கிலும், திருமணமானதும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவது வழக்கம். கடைசி மகள் பெற்றோருடனேயே தங்கி, வீட்டையும் பெற்று, வயதான காலத்தில் அவர்களைப் பார்த்துக்கொள்வாள். எனவே ஆண் பிள்ளை பிறக்கும் வரை பெற்றுக்கொண்டே போகும் நிர்ப்பந்தம் அங்கே பெரிதாக இல்லை. பெண்கள் வயலிலும் சந்தையிலும் சம்பாதித்தார்கள், அவர்கள் சொல்லுக்கு வீட்டில் மதிப்பு இருந்தது. அதோடு, பிறந்த பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கையும் வந்தது. 1960இல் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் சுமார் நூறு ஒரு வயது நிரம்பும் முன்பே இறந்தன. இப்போது அது ஏழு எட்டுதான். இந்த ஒரு மாற்றம் இல்லாமல் எந்தப் பிரச்சாரமும் எடுபட்டிருக்காது.

சரி, மருத்துவத்துக்கு வருவோம்.

முப்பது பாட் (பாட் என்பது தாய்லாந்து நாணயம்) கட்டினால் எல்லா நோய்க்கும் மருத்துவம் என்ற திட்டத்தை அரசியல்வாதி ஒருவர் தேர்தலுக்காக ஒரே நாளில் கொண்டுவந்தது போலப் பலர் பேசுகிறார்கள். அதற்கு முன் முப்பது ஆண்டு உழைப்பு இருக்கிறது. 1960களில் புதிதாகப் படித்து முடித்த டாக்டர்கள் கூட்டங்கூட்டமாக அமெரிக்கா போய்க்கொண்டிருந்தார்கள். அரசு, படிப்பை முடித்தவர்கள் மூன்றாண்டு அரசுப் பணி செய்தே ஆக வேண்டும் என்று ஒப்பந்தம் போட வைத்தது. அப்படிக் கிராமத்துக்குப் போன இளைஞர்கள் பலர் அங்கேயே மனம் மாறினார்கள். கிராமப்புற டாக்டர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கமே வைத்தார்கள். பிற்காலத்தில் சுகாதார அமைச்சகத்தை நடத்தியவர்களில் பலர் அந்தக் கூட்டத்திலிருந்து வந்தவர்கள். கொள்கை எழுதிய கைகள் கிராமத்தில் காயத்துக்குக் கட்டுப் போட்ட கைகளாக இருந்தன என்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

அப்புறம் 1982 முதல் 1986 வரையிலான ஐந்தாண்டுத் திட்டம். மாகாணத் தலைநகரங்களின் பெரிய ஆஸ்பத்திரிகளில் புதிய முதலீட்டை நிறுத்திவைத்து, அந்தப் பணத்தை வட்ட ஆஸ்பத்திரிகளுக்கும் ஊர் சுகாதார நிலையங்களுக்கும் திருப்பினார்கள். நகரத்து ஆஸ்பத்திரியின் பணத்தைக் கிராமத்துக்கு மாற்றத் துணிந்த அரசுகள் உலகில் குறைவு. ஏறக்குறைய ஒவ்வொரு வட்டத்திலும் ஓர் ஆஸ்பத்திரி வந்தது இப்படித்தான்.

அதற்கும் கீழே கிராம சுகாதாரத் தன்னார்வலர்கள். 1977இல் தொடங்கியது. இன்று 10 லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள், பெரும்பாலும் நடுவயதுப் பெண்கள். ஒவ்வொருவர் பொறுப்பிலும் பத்துப் பதினைந்து வீடுகள். ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், படுக்கையில் கிடக்கும் முதியவரை எட்டிப் பார்க்கிறார்கள். டெங்குக் காலத்தில் வீட்டு வாசலில் இருக்கும் பெரிய சிமெண்ட் ஜாடிகளின் மூடியைத் திறந்து, டார்ச் அடித்துக் கொசுப் புழு நெளிகிறதா என்று பார்த்து, புழுக்கொல்லி மருந்து கலந்த மணலைப் போட்டுவிட்டு வருகிறார்கள். கொரோனா வந்தபோது பாங்காக்கிலிருந்து ஊர் திரும்பியவர் யார், எந்த வீட்டில் இருக்கிறார் என்று அரசுக்குச் சொன்னவர்கள் இவர்கள்தான். ரொம்ப காலம் சம்பளமே கிடையாது. 2009இல் மாதம் 600 பாட் கொடுக்க ஆரம்பித்து, இப்போது 2,000 பாட் வரை வந்திருக்கிறது.

ஆக, 2001 தேர்தலில் 'முப்பது பாட்டில் எல்லா நோய்க்கும் மருத்துவம்' என்று வாக்குறுதி வந்தபோது, போய் நிற்க ஊரில் ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. திட்டத்தை வடிவமைத்தவர் டாக்டர் சங்குவன் நித்தயாரம்போங், அவரும் கிராமத்து டாக்டராக இருந்தவர். இன்னொரு பக்கம் பொதுநல அமைப்புகள் 1997 அரசியலமைப்பு தந்த உரிமையைப் பயன்படுத்தி, 50,000க்கும் மேற்பட்ட கையெழுத்துகளுடன் மக்கள் சார்பில் ஒரு மசோதாவைக் கொண்டுபோனார்கள். 2001இல் ஆறு மாகாணங்களில் தொடங்கி, ஓராண்டுக்குள் நாடு முழுவதும் பரவியது. 2002 நவம்பரில் சட்டமானது. ஆசிய நிதி நெருக்கடி வந்து நான்கைந்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. நாடு திவாலாகிவிடும் என்று எச்சரித்தவர்கள் அதிகம். ஆகவில்லை.

ஏன் ஆகவில்லை என்பதற்குத் திட்டத்தின் உள்ளமைப்பைப் பார்க்க வேண்டும். நோயாளி வந்தால் வந்ததற்கு இவ்வளவு என்று பில் போடும் முறையை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வட்டத்தில் பதிவான ஆட்கள் இத்தனை பேர், ஆளுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கொடுத்துவிட்டார்கள். முதலாண்டில் அது 1,202 பாட். இப்போது மூவாயிரத்தைத் தாண்டிவிட்டது. உள்நோயாளிகளுக்கு மட்டும் நோய் வகைப்படி தனிக் கணக்கு, அதற்கும் ஒரு மொத்த வரம்பு. தேவையில்லாத பரிசோதனை எழுதினால் ஆஸ்பத்திரிக்கு லாபம் எதுவும் இல்லை. ஆரோக்கியமாக இருக்கும் ஆளுக்கும் பணம் வருகிறது என்பதால் தடுப்பில் அக்கறை காட்ட ஒரு காரணம் கிடைத்தது. ஏற்கெனவே அரசு ஊழியர்களுக்கும் கம்பெனித் தொழிலாளர்களுக்கும் தனித் திட்டங்கள் இருந்தன. மீதி இருந்த சுமார் 4.7 கோடிப் பேர், விவசாயிகளும் கூலி வேலை செய்பவர்களும், இதற்குள் வந்தார்கள். மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கையிலிருந்து போவது மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இருந்தது, இப்போது பத்து சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. ஏழை மாகாணங்களில் சிசு மரணம் குறிப்பாகக் குறைந்தது.

விலை உயர்ந்த சிகிச்சையையும் மெல்ல மெல்லச் சேர்த்தார்கள். எச்ஐவி மருந்து விலை கட்டுப்படியாகாதபோது, 2006 நவம்பரில் எஃபாவிரென்ஸ் மருந்துக்குக் கட்டாய உரிமம் (காப்புரிமை வைத்திருக்கும் கம்பெனியின் சம்மதம் இல்லாமலே மலிவு மருந்தைப் பயன்படுத்த அரசு தரும் அனுமதி) அறிவித்து, இந்தியாவில் தயாரான மலிவு மாத்திரையை இறக்குமதி செய்தார்கள். அமெரிக்காவின் அழுத்தம் பலமாக இருந்தது, அமைச்சகம் பின்வாங்கவில்லை. 2008இல் சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு வீட்டிலேயே வயிற்று வழியாகச் செய்துகொள்ளும் டயாலிசிஸ் இலவசமானது. அதற்கான திரவப் பைகளைத் தபால் துறை வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்குகிறது. அந்தப் பை வராத காலத்தில், நோயாளியைக் காப்பாற்ற நிலத்தை விற்ற குடும்பங்கள் எத்தனையோ.

எச்ஐவி பற்றித் தனியாக எழுதினால் இன்னொரு பதிலே ஆகிவிடும். ஒன்று மட்டும் சொல்கிறேன்: 1989இல் ராட்சபுரியில் பாலியல் தொழில் நடக்கும் எல்லா இடங்களிலும் ஆணுறை கட்டாயம் என்று டாக்டர் விவட் ரோஜனபிதயகோர்ன் தொடங்கிய முறை, 1991இல் நாட்டுக்கே கொள்கையானது. அந்த ஆண்டு ஒரு லட்சத்துக்கு மேல் இருந்த புதிய தொற்றுகள் பத்தாண்டுகளில் பல மடங்கு குறைந்தன. 2016இல், தாயிடமிருந்து குழந்தைக்கு எச்ஐவி பரவுவதை ஒழித்ததாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்த முதல் ஆசிய நாடு தாய்லாந்து.

குறை இல்லையா? உண்டு. அரசு ஊழியர் திட்டத்தில் ஆளுக்குச் செலவாகும் தொகை விவசாயிக்குச் செலவாவதைவிடப் பல மடங்கு. மூன்று திட்டங்களையும் ஒன்றாக்கும் பேச்சு எழும்போதெல்லாம் அடங்கிப்போகிறது. வெளிநாட்டு நோயாளிகளை நம்பி நடக்கும் பாங்காக் தனியார் ஆஸ்பத்திரிகள் அனுபவமுள்ள டாக்டர்களை இழுத்துக்கொள்கின்றன. அரசு ஆஸ்பத்திரியில் கூட்டம் தாங்கவில்லை. சாலை விபத்தில், முக்கியமாக மோட்டார் சைக்கிளில், ஆண்டுக்குப் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் சாகிறார்கள். இதை எந்த ஆஸ்பத்திரித் திட்டமும் தீர்க்காது.

இனி கல்வி. சேர்க்கையைப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கும் சட்டம் 1921லேயே வந்தது. 1999 தேசியக் கல்விச் சட்டம் பன்னிரண்டு ஆண்டு இலவசக் கல்வியை உறுதி செய்து, ஒன்பது ஆண்டைக் கட்டாயமாக்கியது. 2009 முதல் மழலையர் வகுப்பையும் சேர்த்துப் பதினைந்து ஆண்டு இலவசம். பள்ளியில் பாலும் மதிய உணவும் உண்டு. ஆனால் உள்ளே என்ன கற்கிறார்கள்? பல நாட்டு மாணவர்களை ஒப்பிட நடத்தும் பீசா தேர்வில், 2022இல், பதினைந்து வயது மாணவர்கள் கணிதத்தில் 394, வாசிப்பில் 379 புள்ளிகள் எடுத்தார்கள். தாய்லாந்து அந்தத் தேர்வில் அதுவரை எடுத்ததிலேயே மிகக் குறைவு. கணிதத்தில் அடிப்படை நிலையைத் தொட்டவர்கள் மூன்றில் ஒருவர்கூட இல்லை. தாய்லாந்தைவிட வருமானம் குறைந்த வியட்நாம் கணிதத்தில் 469 எடுத்தது.

பணம் போதவில்லை என்று சொல்ல முடியாது. பல ஆண்டுகள் அரசு பட்ஜெட்டில் ஐந்தில் ஒரு பங்கு கல்விக்கே போனது. அது எப்படிப் போகிறது என்பதில்தான் சிக்கல். இங்கும் தலைக்கு இவ்வளவு என்ற கணக்குதான். ஆனால் ஆஸ்பத்திரிக்கு வட்டத்தில் வாழும் எல்லோரையும் எண்ணிக் கொடுக்கிறார்கள், பள்ளிக்கு வகுப்பில் இருக்கும் பிள்ளையை மட்டும் எண்ணுகிறார்கள். பிறப்பு குறையக் குறையக் கிராமத்துப் பள்ளியின் வருமானமும் ஆசிரியர் ஒதுக்கீடும் சேர்ந்து சுருங்குகின்றன. சுமார் 29,000 அரசுப் பள்ளிகளில் ஏறக்குறைய பாதியில் 120 மாணவர்கள்கூட இல்லை. மூன்று நான்கு ஆசிரியர்கள் எட்டு வகுப்புகளைப் பார்க்கும் பள்ளிகள் சாதாரணம். வசதியுள்ள பெற்றோர் பிள்ளையை வேனில் ஏற்றி நகரத்துப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள், அதனால் எண்ணிக்கை இன்னும் குறைகிறது. மிச்சம் இருப்பது மிக ஏழைகளின் பிள்ளைகள். ஆக, குடும்ப நலத்தில் கிடைத்த வெற்றியே கிராமத்துப் பள்ளியை வாட்டுகிறது.

இதற்கு அவர்கள் கண்ட ஒரு வழியைக் கவனியுங்கள். ஹுவா ஹின்னில் உள்ள கிளாய் கங்வோன் அரண்மனைப் பள்ளியில் நடக்கும் பாடத்தை 1995 இறுதியிலிருந்து செயற்கைக்கோள் வழியாக நாடு முழுவதும் ஒளிபரப்புகிறார்கள். மலைக் கிராமத்து வகுப்பில் டிவியைப் போட்டால், அங்கே ஆசிரியர் பாடம் நடத்துவார். இங்கே பிள்ளைகள் அந்த வேகத்திலேயே நோட்டில் எழுத வேண்டும். ஆசிரியரே இல்லாத வகுப்புக்கு இது பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் பின்வரிசையில் ஒரு பிள்ளைக்கு வகுத்தல் புரியவில்லை என்றால் டிவி நிற்காது. மருத்துவச்சிக்குக் கேள்வித் தாளைக் கொடுத்து 'நீயே பார்த்து முடிவு செய்' என்றார்கள். கிராமத்து ஆசிரியருக்கு அந்த உரிமை கிடைக்கவில்லை. பாடத்திட்டம், மதிப்பீடு, நியமனம், மாணவர் முடியின் நீளம் வரை மேலிருந்தே வந்தது. அமைச்சர்களும் அடிக்கடி மாறினார்கள், ஒவ்வொருவர் வரும்போதும் புதிய அறிக்கை, புதிய படிவம்.

மொழியும் ஒரு சுவர். வடகிழக்கில் வீட்டில் பேசுவது லாவோ, தெற்கின் எல்லை மாகாணங்களில் பட்டானி மலாய். பள்ளியில் முதல் நாளிலிருந்து மத்தியப் பகுதியின் தாய்லாந்து மொழி. மகிடோன் பல்கலைக்கழகம் தெற்கில் சில பள்ளிகளை எடுத்துக்கொண்டு, பிள்ளைகள் வீட்டில் பேசும் மொழியில் தொடங்கிப் படிப்படியாகத் தாய்லாந்து மொழிக்குக் கொண்டுபோனது. பிள்ளைகள் நன்றாகப் படித்தார்கள். 2016இல் அதற்கு யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. வன்முறை தொடரும் அந்தப் பகுதியில் இதைச் செய்ய முடிந்தது என்றால் மற்ற இடங்களில் செய்யத் தடை என்ன என்று எனக்குப் புரியவில்லை.

நம்பிக்கை தரும் ஒன்று, 2018இல் அமைத்த சமவாய்ப்புக் கல்வி நிதி. ஆசிரியரே மாணவர் வீட்டுக்குப் போய்க் கூரை, சுவர், தரை எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துப் பதிவு செய்கிறார். அதை வைத்து மிக ஏழைப் பிள்ளைகளுக்குப் பணம் போகிறது. பிள்ளை பள்ளிக்கு வந்தால் உதவி தொடரும். தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய்ச் செய்ததைப் பள்ளி இப்போதுதான் செய்யத் தொடங்கியிருக்கிறது.

'அப்படியானால் இப்போது அதிகம் பெற்றுக்கொள்ளச் சொல்கிறார்களா?' என்று கேட்டால், சொல்கிறார்கள், பலன் இல்லை. ஐந்தில் ஒருவர் அறுபதைத் தாண்டியவர். முதியோர் உதவித்தொகை வயதுக்கேற்ப மாதம் 600 முதல் 1,000 பாட். வடகிழக்கில் அப்பா அம்மா இருவரும் பாங்காக்கில் வேலை செய்ய, தாத்தா பாட்டிதான் பேரப்பிள்ளையை வளர்க்கிறார்கள். ஏழைக் குடும்பத்தின் சிறு குழந்தைக்கு மாதம் 600 பாட் உதவி. பால் பவுடருக்கே போதாத தொகையை நம்பி யாரும் இன்னொரு பிள்ளை பெற மாட்டார்கள். குழந்தைக் காப்பகமும் நல்ல பள்ளியும் வீட்டுக்குப் பக்கத்தில் இல்லாதவரை இது மாறும் என்று நான் நினைக்கவில்லை.

பிள்ளைகள் குறைவதை ஈடுகட்ட உடனடியாகக் கையில் இருக்கும் வழி, ஏற்கெனவே அங்கே பிறந்து வளரும் பிள்ளைகள். மியான்மர், கம்போடியா, லாவோஸிலிருந்து வந்த லட்சக்கணக்கான தொழிலாளர்கள் சமுத் சாகோன் மீன் ஆலைகளிலும் கட்டட வேலையிலும் இருக்கிறார்கள். ஆவணம் இல்லாத பிள்ளையையும் பள்ளியில் சேர்க்கலாம் என்று 2005லேயே அமைச்சரவை முடிவெடுத்தது. ஆனாலும் பலர் இன்னும் பள்ளிக்கு வெளியே இருக்கிறார்கள். 2018இல் தாம் லுவாங் குகையில் சிக்கி மீண்ட கால்பந்துக் குழுவில் மூன்று சிறுவர்களும் பயிற்சியாளரும் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாதவர்கள். உலகமே பார்த்ததால் சில வாரங்களில் அவர்களுக்குக் குடியுரிமை கிடைத்தது. 2024 அக்டோபரில் அமைச்சரவை, நீண்ட காலமாக அங்கேயே வாழும் இப்படிப்பட்ட சுமார் 4.8 லட்சம் பேருக்கு உரிமை வழங்குவதை விரைவுபடுத்த ஒப்புதல் தந்திருக்கிறது. அதில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் தாய்லாந்திலேயே பிறந்த பிள்ளைகள். ஆள் குறைந்து மூடக் காத்திருக்கும் வடக்கு மலைப் பள்ளிகளுக்குப் பக்கத்திலேயே இவர்களில் பலர் வசிக்கிறார்கள். அந்த முடிவு வட்ட அலுவலகத்தின் மேசை வரை எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதைத்தான் இப்போது கவனிக்க வேண்டும்.